ஊடாடும் ஆய்வுக் கட்டுரை: எது முதலில் உடையும், ஏன்

இணையப் பக்கங்களில் அசைவும் விளையாட்டும் ஓட உதவிய ஃப்ளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை, அதை வெளியிட்ட அடோபி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயரே எதையும் ஓட்ட மறுத்தது. பழைய விளையாட்டுகள் போய்விட்டதே என்று வருத்தப்பட்டவர்கள் நிறையப் பேர். முறையாக மதிப்பாய்வு செய்து வெளியிட்ட ஆய்வுப் படைப்புகளும் அதே கையோடு திறக்காமல் போனதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2005-இல் தொடங்கிய வெக்டர்ஸ் என்ற இதழ் இதற்கு நல்ல உதாரணம். ஆய்வாளர், வடிவமைப்பாளர், நிரலாளர் மூவரும் கூடி உட்கார்ந்து, வாசகர் சொடுக்கியும் நகர்த்தியும் படிக்கிற படைப்புகளை அங்கே உருவாக்கினார்கள். பெரும்பாலானவை ஃப்ளாஷில். வாதத்தின் வடிவமும் வாதத்தின் பகுதியே என்பது அவர்கள் கொள்கை. அந்தக் காலத்தில் அதற்கு ஃப்ளாஷை விட்டால் வேறு வழியும் பெரிதாக இல்லை. இன்று ரஃபிள் போன்ற எமுலேட்டரால் (பழைய மென்பொருளின் வேலையைப் பாவித்துச் செய்யும் நிரல்) பல ஃப்ளாஷ் கோப்புகளை ஓட்டிவிடலாம். ஆனால் தரவுத்தளத்திலிருந்து உள்ளடக்கத்தை இழுத்துக் காட்டும் கோப்பு என்றால் எமுலேட்டர் மட்டும் போதாது. மறுமுனையில் பதில் சொல்ல சர்வரும் இருக்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இரண்டு இதழ்கள். கைரோஸ் 1996-இல் தொடங்கியது. அதன் முதல் இதழின் எச்டிஎம்எல் பக்கங்கள் இன்றைக்கும் பிரவுசரில் திறக்கின்றன. டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் குவாட்டர்லி 2007-இல் வந்தது. தொடக்கத்திலிருந்தே கட்டுரைகளை டிஇஐ எக்ஸ்எம்எல்லில் (உரையின் ஒவ்வொரு பகுதியும் என்ன என்று பெயரிட்டுக் குறிக்கும் வடிவம்) குறியிட்டு வைத்து, இணையப் பக்கத்தை அதிலிருந்து உருவாக்குகிறது. தளத்தின் தோற்றம் எத்தனை முறை மாறினாலும் மூலக் கோப்பைத் தொட வேண்டியதில்லை.

இலக்கியம், வரலாறு, ஊடகவியல், கணினி எல்லாம் கலந்து வரும் கட்டுரையை ஒற்றைப் பொருளாக நினைப்பதில்தான் பதிப்பாசிரியர்கள் சறுக்குகிறார்கள். அதற்குள் உரை, தரவு, நிரல், படம்-ஒலி-காணொளி, ஊடாடும் காட்சி என்று ஐந்து பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஆயுளும் வேறு. கட்டுரையை ஏற்றுக்கொண்ட அன்றே இவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி இடமும் தனி அடையாள எண்ணும் கொடுத்துவிட வேண்டும். வெளியான பிறகு பிரிக்கலாம் என்றால் அதற்குள் ஆசிரியருக்கு வேறு வேலை வந்திருக்கும், நிரல் எழுதிக்கொடுத்த மாணவர் படிப்பு முடித்துப் போயிருப்பார்.

உரை

வேர்ட் கோப்பை மூலமாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கான ஜேட்ஸ் அல்லது டிஇஐ, இரண்டில் ஒரு எக்ஸ்எம்எல் வடிவம் போதும். செய்யுள் அடிகள், பாடபேதங்கள், சுவடிப் படியெடுப்பு எல்லாம் வரும் இதழுக்கு டிஇஐ. மற்றதற்கு ஜேட்ஸ் எளிது. வேர்டிலிருந்து பாண்டாக் என்ற கோப்பு மாற்றும் கருவி மூலம் மாற்றலாம். ஆனால் ஆசிரியர் தலைப்பைத் தலைப்பு ஸ்டைலில் போடாமல் வெறுமனே தடித்த எழுத்தாக்கியிருந்தால் பாண்டாக்குக்கு அது தலைப்பு என்று தெரியாது. சாதாரணப் பத்தியாகவே வரும். அடிக்குறிப்பு எண்ணைக் கையால் தட்டி மேலே தூக்கி வைத்திருந்தால் அந்தக் குறிப்புகள் எல்லாம் அநாதையாகிவிடும். ஸ்டைல்கள் அமைத்த மாதிரிக் கோப்பை முதலிலேயே ஆசிரியருக்கு அனுப்பிவிடுவது பாதித் தலைவலியைத் தீர்க்கும். மீதிப் பாதி எப்படியும் வரும்.

தமிழ் உரை இருந்தால் இன்னொரு சோதனையும் வேண்டும். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ககரம், கொம்பு, கால் என்று மூன்றாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்தெழுத்தாக ஒப்பிடும் நிரலுக்கு வேறு. எல்லா உரையையும் என்எஃப்சி என்ற சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றினால் இது சரியாகிவிடும். ஔகாரம் அப்படிச் சரியாகாது. 'கௌரி' என்பதைப் பலர் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டி 'கெளரி' என்று எழுதிவிடுகிறார்கள். 'ஔவையார்' 'ஒளவையார்' ஆவதும் இப்படித்தான். என்எஃப்சிக்கு இதில் தவறே தெரியாது. கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் மாற்று என்று கட்டளை கொடுத்தால் 'தெளிவு', 'வெள்ளம்', 'கெளுத்தி' எல்லாம் கெட்டுவிடும். தேடி எடுத்து ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்ப்பதே வழி. 'ஸ்ரீ'க்கும் இதே கதை. ஸகரத்தில் தொடங்கும் வரிசை ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் வரிசை இன்னொன்று; திரையில் இரண்டும் ஒரே உருவம். சொல் எண்ணிக்கையை வைத்து வாதம் செய்யும் கட்டுரையில் இது எழுத்துப்பிழை அளவில் நிற்காது, முடிவையே மாற்றும்.

பிடிஎஃப் தயாரானதும் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் கட்டியிருந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கொட்டும். அந்தக் கட்டுரையின் உள்ளே இருக்கும் ஒரு தமிழ்ச் சொல்லைக்கூடத் தேடுபொறியால் கண்டுபிடிக்க முடியாது. யூனிகோடில் கட்டியிருந்தாலும் சில பிடிஎஃப்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்ளும். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் திரையிலேயே எழுத்துகள் சிதறும். இந்தத் தொல்லைக்காகவே எச்டிஎம்எல்லை முதன்மை வடிவமாகவும் பிடிஎஃப்பைத் துணை வடிவமாகவும் வைப்பது நல்லது. பதவி உயர்வுக் குழுக்கள் பிடிஎஃப் கேட்கும், அது வேறு விஷயம்.

தரவு

அட்டவணைத் தரவை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு), யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் வாங்குங்கள். தமிழ்த் தரவு உள்ள சிஎஸ்வியை விண்டோஸ் எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் பெரும்பாலும் குப்பை எழுத்துகள் தெரியும். கோப்பின் தலையில் குறியாக்க முத்திரை இல்லாததே காரணம். முத்திரையைப் போட்டால் எக்செல் சரியாகும், ஆனால் சில நிரல்கள் அதை முதல் நெடுவரிசையின் பெயரோடு சேர்த்துப் படித்துவிடும். காப்பகத்துக்கு முத்திரை இல்லாத கோப்பு, கூடவே 'எக்செல்லில் டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்க, குறியாக்கம் 65001' என்று ஒரு வரி விளக்கம். இது போதும். மதிப்பீட்டாளர் தரவைத் திறந்து மேலோட்டமாகப் பார்க்காமல், கட்டுரையில் சொன்ன வரிசை எண்ணிக்கையும் கோப்பில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மதிப்பீட்டாளர்கள் அதிகம் செய்யாத, அதிகப் பலன் தரும் சோதனை இது.

சமூக ஊடகத் தரவு தனிச் சிக்கல். முழு ட்வீட்டையும் பெரிய அளவில் பகிர ட்விட்டரின் விதிகள் இடம் தரவில்லை. ட்வீட்டின் அடையாள எண்களை மட்டும் பகிரலாம். அதனால் ஆய்வாளர்கள் ட்வீட் எண்களின் பட்டியலை மட்டும் காப்பகத்தில் வைத்தார்கள். வேண்டியவர் அந்த எண்களைக் கொடுத்து உரையைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 2023-இல் அந்நிறுவனம் இலவச அணுகலையும் ஆய்வாளர்களுக்கான அணுகலையும் மூடியது. அதற்கு முன்னால் வைத்த எண் பட்டியல்கள் பணம் கொட்டாதவருக்கு வெறும் எண்களாக நிற்கின்றன. ஃபேஸ்புக் பதிவுகளைத் தேடப் பயன்பட்ட கிரவுட்டாங்கிளை மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. ஆகவே 'தரவைச் சமூக ஊடகத் தளத்திலிருந்து மீண்டும் பெறலாம்' என்று ஆசிரியர் எழுதினால் பதிப்பாசிரியர் அதை ஏற்கக் கூடாது. சேகரித்த தேதி, தேடிய சொற்கள், பயன்படுத்திய கருவியின் பதிப்பு, வடிகட்டிய விதம், வடிகட்டும் முன்னும் பின்னும் இருந்த எண்ணிக்கை, இவை ஐந்தும் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். மூல உரையைப் பொதுவில் வைக்க முடியாவிட்டால், விண்ணப்பித்தால் பார்க்கலாம் என்ற நிலையில் ஒரு காப்பகத்தில் பூட்டி வைக்கலாம். ஆசிரியரின் மடிக்கணினி காப்பகம் ஆகாது.

பொதுமக்களின் பதிவுகளை மேற்கோள் காட்டும்போது பெயரை மறைப்பது மட்டும் போதாது. ஒரு யூடியூப் பின்னூட்டத்தை அப்படியே எடுத்துக் கூகுளில் போட்டால் ஆள் அகப்பட்டுவிடலாம். பொதுவாழ்வில் இல்லாதவர் எழுதியதென்றால் கருத்தை வேறு சொற்களில் எழுதிவிடுவதே பாதுகாப்பு. வெளியிடும் முன் ஒவ்வொரு மேற்கோளையும் தேடுபொறியில் போட்டுப் பார்ப்பது பதிப்பாசிரியர் வேலையில் சேரும்.

ஊடாடும் காட்சி

முதலில் உடைவது எப்போதும் இதுதான். உடைவதற்கு நம் பக்கத்தில் யாரும் எதையும் செய்திருக்க வேண்டியதில்லை. 2018-இல் கூகுள் வரைபடச் சேவைக்கு அணுகல் சாவியும் கட்டணக் கணக்கும் கட்டாயமானபோது, அதுவரை ஒழுங்காக ஓடிய எத்தனையோ ஆய்வு வரைபடங்கள் மங்கி, குறுக்கே எச்சரிக்கை எழுத்தோடு தெரிந்தன. கலைப்புல ஆய்வாளர்களுக்கு மிகவும் பிடித்த, ஸ்டேமன் நிறுவனத்தின் வரைபடத் துண்டுகள் 2023 அக்டோபர் இறுதியில் வேறு நிறுவனத்தின் சேவைக்கு மாறின. பழைய முகவரியை நிரலில் எழுதி வைத்தவர்களின் வரைபடம் சாம்பல் கட்டமானது. புள்ளிகள் மட்டும் மிதக்கும், அடியில் ஊர் இருக்காது.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் எண்டிங்ஸ் என்ற திட்டக் குழு இதற்கு வகுத்த கொள்கைகளை நான் அப்படியே எந்த இதழுக்கும் சிபாரிசு செய்வேன். வெளியிடும் பொருள் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மட்டும். சர்வரில் ஓடும் மென்பொருள் கூடாது. வெளியார் எழுதிய நிரல் தொகுப்புகளையோ வெளிச் சேவைகளையோ நம்பியிருக்கக் கூடாது. தவிர்க்கவே முடியாத தொகுப்பு என்றால் நகலெடுத்துக் கோப்புறைக்குள் வைத்துக்கொள்ளலாம். முகவரியில் கேள்விக்குறி போட்டுத் தரவுத்தளத்தைக் கேட்கும் பக்கம் கூடாது. மூலத் தரவு உடன் இருக்க வேண்டும். தேடல் வசதிகூட சர்வர் இல்லாமல் நடக்கும்: சொல்லடைவை முன்கூட்டியே சிறு சிறு கோப்புகளாக உருவாக்கி வைத்துவிட்டால் பிரவுசரே தேடிக்கொள்ளும். தமிழுக்கு இப்படிச் சொல்லடைவு செய்யும்போது வேற்றுமை உருபை நினைவில் வைக்க வேண்டும். சொல்லின் முன்பகுதி பொருந்தினால் போதும் என்று அமைத்தால் 'மதுரை' தேடுபவருக்கு 'மதுரையில்' கிடைக்கும். 'மரம்' தேடுபவருக்கு 'மரத்தில்' அப்போதும் கிடைக்காது.

ஏற்கெனவே வேர்ட்பிரஸ்ஸிலோ தரவுத்தளத்திலோ கட்டிவிட்ட படைப்பு வந்தால் மறுபடி கட்டச் சொல்வது நடக்கிற காரியமல்ல. அப்போது ஆர்க்கைவ்வெப்.பேஜ் என்ற பிரவுசர் நீட்சியால் தளத்தைப் பதிவு செய்து டபிள்யூஏசிஇசட் என்ற ஒரே காப்பகக் கோப்பாக்கலாம். அது நீங்கள் பார்த்ததை மட்டுமே பதிவு செய்யும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்காவிட்டால் அந்த அளவின் துண்டுகள் பதிவில் இருக்காது. காணொளியை ஓடவிடாவிட்டால் காணொளி இருக்காது. எந்தப் பொத்தானை எந்த வரிசையில் அழுத்துவது என்று ஆசிரியரிடமே ஒரு பட்டியல் வாங்கி, அதன்படி முழுவதும் நடந்து பதிவு செய்யுங்கள். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். இணையத்தோடு சோதித்தால் விடுபட்டது எதுவும் கண்ணில் படாமல் போகலாம். இதழின் தளத்தில் இதைக் காட்ட, அப்படிப் பதிவு செய்ததைத் திரும்ப ஓட்டும் ரீப்ளேவெப்.பேஜின் இரண்டு ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் போதும். எச்டிடிபிஎஸ் கட்டாயம். சர்வர், கோப்பின் ஒரு பகுதியை மட்டும் கேட்டால் பகுதியை மட்டும் தர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் பார்க்க வந்த வாசகர் முழுக் கோப்பும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதழ் ஓஜேஎஸ் என்ற இதழ் வெளியீட்டு மென்பொருளில் ஓடுகிறது என்றால் அதன் எச்டிஎம்எல் வடிவத்தில் துணைக் கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். கோப்புறைக்குள் கோப்புறையாக வரும் படைப்பு அதில் அடங்காது. அதே டொமைனில் தனிக் கோப்புறை ஒன்றில் படைப்பை வைத்து, ஓஜேஎஸ்ஸிலிருந்து வெளி இணைப்பாகச் சுட்டுவதே வழக்கம். இதில் ஒரு குழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

மதிப்பாய்வு

வரலாற்றாசிரியருக்கு நிரல் தெரியாது, நிரலாளருக்கு வரலாறு தெரியாது. இருவரும் 'என் துறைப் பகுதி எளிது, மற்றது நன்றாக இருக்கிறது' என்று எழுதி அனுப்பினால் கட்டுரை யாரும் படிக்காமலே தேறிவிடும். கைரோஸின் முறை இங்கே உதவும்: முதலில் இதழின் பதிப்பாசிரியர்கள் பார்க்கிறார்கள், அடுத்து பதிப்பாசிரியர் குழு கூடி விவாதிக்கிறது, மூன்றாவது படியில் இதழின் தரப்பில் ஒருவர் கட்டுரை ஆசிரியரோடு உட்கார்ந்து திருத்துகிறார். மதிப்பீட்டாளர்கள் தனித்தனி அறையில் இருக்கும் மதிப்பாய்வைவிட இந்தக் கலப்புத் துறைக்கு இது பொருத்தம்.

இருபக்கமும் பெயர் மறைத்த மதிப்பாய்வு ஊடாடும் படைப்புக்குப் பெரும்பாலும் நடிப்புதான். முகவரியிலேயே பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும், நிரலின் பதிவு வரலாற்றில் ஆசிரியர் பெயர் இருக்கும். ஆசிரியர் தன் தளத்துக்கு யார் வந்தார்கள் என்றும் பார்க்கலாம். பெயர் நீக்கிய டபிள்யூஏசிஇசட் நகலை அனுப்பலாம். அல்லது மதிப்பீட்டாளர் பெயர் மட்டும் மறைவு என்று நேர்மையாக அறிவித்துவிடலாம். எப்படியானாலும் மதிப்பீட்டுக்குப் போன பதிப்பு உறைந்திருக்க வேண்டும். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் ஒரு குறிச்சீட்டு போட்டுவிட்டால் போதும். அதைச் செய்யாவிட்டால் மதிப்பீட்டாளர் குறை சொல்லும் பொத்தானை ஆசிரியர் முந்தின வாரமே எடுத்திருப்பார்.

அடையாள எண்களும் பெயர்களும்

கட்டுரைக்கு கிராஸ்ரெஃப் பதிவகத்தின் டிஓஐ (இணைய முகவரி மாறினாலும் மாறாத அடையாள எண்), தரவுக்கும் நிரலுக்கும் ஜெனோடோ காப்பகம் வழியாக டேட்டாசைட் பதிவகத்தின் டிஓஐ. ஜெனோடோ எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான எண் ஒன்றும் பதிப்புக்கு ஒன்றும் தரும். கட்டுரை மேற்கோளில் பதிப்பு எண்ணையே போட வேண்டும். டிஓஐயின் பின்பகுதியில் இதழின் பெயர்ச் சுருக்கத்தையும் தொகுதி எண்ணையும் சேர்க்க ஆசை வரும். வேண்டாம். இதழ் பெயர் மாறும், கட்டுரை வேறு இதழுக்குத் தள்ளிப்போகும், எண் மட்டும் பொய் சொல்லிக்கொண்டு நிற்கும். ஓஜேஎஸ் 3.4 தானாகத் தரும் எட்டு எழுத்துப் பின்பகுதி பார்க்க அழகில்லை, அதுவே சரி.

தமிழ்ப் பெயர்கள் இங்கே அடிபடும். ஓஜேஎஸ்ஸில் இயற்பெயர் கட்டாயம், குடும்பப் பெயர் விருப்பம். கிராஸ்ரெஃப் மீத்தரவில் (கட்டுரை பற்றிய விவரப் பதிவு) நேர்மாறாகக் குடும்பப் பெயர்தான் கட்டாயம். 'க. செல்வி' என்பவர் ஒரு இதழில் 'செல்வி, க.' ஆகவும் அடுத்ததில் 'க., செல்வி' ஆகவும் பதிவாவது இப்படித்தான். மேற்கோள் எண்ணிக்கை இரண்டு ஆட்களுக்குப் பிரிந்துவிடும். ஆசிரியரிடமே கேட்டு, அவருடைய ஆர்கிட் (ஆய்வாளர்களுக்கான அடையாள எண்) பக்கத்தில் உள்ளபடி ஒரே வடிவத்தை எல்லா இடத்திலும் போடுங்கள். ஆர்கிட் எண் இல்லாதவருக்கு அதைப் பதிவு செய்ய ஐந்து நிமிடம் ஆகும், செலவில்லை.

இணைப்புகளும் காப்பும்

அடிக்குறிப்பில் உள்ள இணைய முகவரிகள் சாவதைப் பற்றிக் கணக்கே இருக்கிறது. ஹார்வர்டு சட்ட ஆய்வாளர்கள் பார்த்தபோது அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் உள்ள இணைப்புகளில் பாதி, மேற்கோள் காட்டிய விஷயத்துக்குப் போய்ச் சேரவில்லை. டிஜிட்டல் ஊடகம் பற்றிய இதழ் அதைவிட நன்றாக இருக்க வாய்ப்பில்லை. மெய்ப்புப் பார்க்கும் கட்டத்தில் ஒவ்வொரு முகவரியையும் வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமித்து, மூல முகவரி, சேமித்த நகலின் முகவரி, சேமித்த தேதி மூன்றையும் குறிப்பில் எழுதுங்கள். நகலின் முகவரியை மட்டும் எழுதிவிட்டு மூலத்தை விட்டுவிட்டால் அந்தக் காப்பகம் முடங்கும் நாளில் இரண்டும் போய்விடும்.

இதழையே காப்பது அடுத்தது. 2000 முதல் 2019 வரை 170-க்கும் மேற்பட்ட திறந்த அணுகல் இதழ்கள் இணையத்திலிருந்து அடையாளமின்றி மறைந்ததாக ஒரு ஆய்வு கண்டது. ஓஜேஎஸ் இதழுக்கு, அந்த மென்பொருளை உருவாக்கும் பிகேபியின் காப்பு வலையமைப்பு இலவசம். ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண்ணும் வெளியான இதழ் ஒன்றும் இருந்து, பிளக்இன்னை இயக்கி விதிகளை ஏற்றால் போதும். மேலே சொன்ன குழி இங்கேதான். வலையமைப்பு ஓஜேஎஸ்ஸுக்குள் ஏற்றிய கோப்புகளைத்தான் காக்கும். வெளி இணைப்பாகச் சுட்டிய ஊடாடும் படைப்பு அதில் சேராது. எனவே அதே படைப்பை ஒரு ஜிப் கோப்பாகக் கட்டி, கட்டுரையின் இன்னொரு வடிவமாக ஓஜேஎஸ்ஸுக்குள்ளும் ஏற்றுங்கள். யாரும் அதைப் பதிவிறக்கப் போவதில்லை, பரவாயில்லை.

டொமைன் பெயர் துறைத்தலைவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருப்பது இங்கே சர்வசாதாரணம். அவர் ஓய்வு பெற்றதும் புதுப்பிப்பு அறிவிப்பு யாருக்கும் வராது. காலாவதியான பெயரைச் சூதாட்டத் தளக்காரர்கள் வாங்கிப் போடுவார்கள். இதழின் எல்லா டிஓஐயும் நேராக அங்கே போய் நிற்கும். பதிவை நிறுவன மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள், அந்த மின்னஞ்சலைக் குறைந்தது இருவர் பார்க்கட்டும். கிராஸ்ரெஃப் கணக்கின் கடவுச்சொல்லும் அதே இருவரிடம் இருக்கட்டும். டொமைன் கைவிட்டுப் போனாலும் அந்தக் கணக்கு கையில் இருந்தால் டிஓஐக்கள் அத்தனையையும் புதிய முகவரிக்குத் திருப்பிவிடலாம். கட்டுரைக்கு எத்தனை முறை முகவரி மாற்றினாலும் அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.